மார்க்கவசத்தில் ஓர் அடுக்கு

சவப்பெட்டியின் மூடிமேல் சம்பந்தம் ஆசாரி ஏறி உட்காராத குறைதான். அது மூடுவேனா என்றது.

"இன்னா சார் இது, நெஞ்சு பரங்கிமல மாதிரி தூக்கிகினு கீது?"

உள்ளே தேவானந்தம், கோட்டுக்குப் பதிலாகப் போர்க்கவசம் மாட்டிப் படுத்திருந்தார். சிறுவர் வார இதழ் ஒன்றின் விண்வெளிச் சண்டைத் தொடருக்காக அவர் வரைந்து, செம்பாக்கம் வீட்டுத் தகரக் கொட்டகையில் செய்தும் காட்டிய கவசம். இதோடுதான் புதைக்க வேண்டும் என்று மனைவி ஹில்டாவிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

தம்பி லாசரஸுக்கு வயிறு எரிந்தது. எண்பத்து நான்கில் பற்றிய நெருப்பு. அதில் செம்பாக்கம் முழுவதற்கும் எட்டு வருஷம் சோறு வடித்திருக்கலாம். கவசத்தின் பீங்கான் ஓட்டுக்கு அடியில் சைக்கிள் டியூப் வைக்கலாம் என்று, அன்று கூடவே திருகு முடுக்கிய அவன்தான் சொன்னான். "ரப்பரா? அது செருப்புக்குடா!" என்று அண்ணன் சிரித்தார். அதோடு அவன் கொட்டகைப் பக்கமே போகவில்லை. இதழில் அண்ணன் பெயர் மட்டும் வந்தது. பீங்கான் ஓடு குண்டை நொறுக்கும், கண்ணாடியிழை சிதறலைப் பிடிக்கும் என்று அவர் விளக்கியபோது தாம்பரமே வாய் பிளந்தது. செத்தும் பாருங்கள், ஊர்க்கண் மொத்தமும் அவர் மார்பில்தான்.

"ஒரு அடுக்க எடுத்தா மூடிரும் தம்பி. உங்களுக்குத்தானே அந்த வேல தெரியும்," என்றாள் ஹில்டா.

லாசரஸ் திருகுகளைக் கழற்றினான். மேலே கண்ணாடியிழை. அடுத்து அறுகோண ஓடுகள். ஒன்றை நெம்பினான். அடியில் கறுப்பாக, பஞ்சர் ஒட்டோடு, சைக்கிள் டியூப்.

"அண்ணி, இத எப்ப வெச்சாரு?"

"அப்பவே. அது இல்லாம ஓடெல்லாம் உடைஞ்சுகிட்டே இருந்துச்சாம். உங்ககிட்ட சொல்லலையா?"

லாசரஸ் திருப்புளியைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அந்த ரப்பர உருவிடு சார், ஈசி," என்றார் சம்பந்தம்.

"அதுல கை வெக்காதே. ஓட்ட எடு," என்றான் லாசரஸ்.

"ஐயோ தம்பி, அவரு உசுரே அந்த ஓடுதான்..."

"ரப்பர் இருக்கட்டும் அண்ணி."

ஓடுகளை அவனே பெயர்த்தான். மூடி சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

வேன் கல்லறைக்குக் கிளம்பியது. லாசரஸின் மடி நிறைய ஓடுகள். கேம்ப் ரோடு தாண்டியதும் ஒன்றை எடுத்து மூடிமேல், நெஞ்சுக்கு நேராக வைத்தான். அதன் பக்கத்தில் இன்னொன்று, இடைவெளி தெரியாமல். சாலையின் ஒவ்வொரு பள்ளத்திலும் அவை விலகின. அவன் இரண்டு கையாலும் நெருக்கி வைத்தான்.