இடது பூட்ஸ்

"இழுக்காதீங்கக்கா, விடுங்க..."

"காலை நீட்டுடி முதல்ல! மடக்கி வச்சுக்கிட்டா எப்படி வரும்..."

"நீட்டித்தானே வச்சிருக்கேன், வலிக்குது..."

"வலது பூட்ஸ் வழுக்கிக்கிட்டு வந்துச்சு. இடதுக்கு மட்டும் என்ன கேடு? கோசு தூக்கற அன்னிக்குத்தான் உனக்கு எல்லாம் வலிக்கும்!"

யோன்சில் என் கொழுந்தனார் மனைவி. என்னைவிட ஒன்பது வயது சின்னவள். நாஜு ஊரில் எங்கள் வீட்டு முற்றத்தில் அன்று கிம்ச்சி வேலை, குளிர்காலம் முழுவதற்குமான கோசு ஊறுகாய். உப்புத்தண்ணீரில் ஊறித் துவண்ட நூற்றிருபது கோசுகளைக் காலையிலிருந்து இருவரும் குந்தி உட்கார்ந்து அலசி, கூடை கூடையாகத் தூக்கி வடிய வைத்திருந்தோம். சாப்பிட உள்ளே போகலாம் என்று ரப்பர் பூட்ஸைக் கழற்றும்போதுதான் இந்த ரகளை.

பக்கத்து வீட்டு கப்சுன் கிண்ணத்தோடு வந்து நின்றாள். "என்ன, ரெண்டு பேரும் கயிறு இழுக்கறீங்களா?"

"மாட்டிக்கிச்சு."

"கத்தரிக்கோல எடு. இன்னும் இழுத்தா காலும் சேர்ந்து வந்துடும்."

கோசு நறுக்கும் பெரிய கத்தரிக்கோலால் ரப்பரை மேலிருந்து கீழே துண்டு துண்டாக வெட்டி எடுத்தேன். ஈரக் காலுறையை உருவினேன். அதன் விளிம்பு இருந்த இடத்தில் ஆழமாக ஒரு வளையம். என் கட்டைவிரல் பட்ட இடம் பிசைந்த மாவைப் போலக் குழிந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. வலது கால் எனக்குத் தெரிந்த யோன்சிலின் கால். இடது, வேறு யாரோ ஒரு பருத்த பெண்ணுடையது போல இருந்தது.

"எப்போலேர்ந்து?" என்றேன்.

"போன வருஷ கிம்ச்சிக்கு அப்புறம். சாயங்காலமானா கனக்கும், படுத்தா வடிஞ்சிடும். இப்பல்லாம் படுத்தாலும் வடியல."

"வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனேக்கா. 'சோம்பேறிக் கால்'னு பேரு வச்சீங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

"நானும்தான் சிரிச்சேன்," என்றாள் கப்சுன், கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு.

"அதான் ஊர்ப் பொதுக் குளியல் கூடத்துக்கும் வர்றதில்ல. எல்லார் முன்னாடியும் இந்தக் காலை எப்படிக் காட்டறது?"

அவள் குளிக்க வராததற்கு, 'மகாராணிக்கு நம்ம தண்ணி ஆகாது' என்று அந்தக் குளியல் கூடத்தில் நாலு பேர் கேட்கச் சொன்னவள் நான்.

கப்சுன் குனிந்து காலைப் பார்த்தாள். "உனக்குக் கர்ப்பப்பையில ஏதோ சாதாரணக் கட்டின்னுதானே எடுத்தாங்க?"

ஊரெல்லாம் அப்படிச் சொல்லி வைத்ததும் நான்தான்.

"சாதாரணக் கட்டி இல்ல," என்றாள் யோன்சில். "புற்றுநோய்."

கப்சுன் என்னைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள். "அப்படின்னா இது அதோட வால்தாண்டி. என் நாத்தனாருக்கும் இப்படி ஆச்சு. இடுப்புக்குள்ள இருக்கற நெறிக்கட்டிகளை எடுத்துட்டா, கால்ல இருந்து நீர் மேல ஏற வழியில்லாம தேங்கிடுமாம். எல்லாருக்கும் வராது. வந்தாலும் ஆரம்பத்துலயே காட்டினா, இறுக்கமான உறை மாட்டி அடக்கி வச்சிடலாம். அவளை ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு அனுப்பறப்பவே உக்கார வச்சுச் சொன்னாங்களே. தாள் கூடக் குடுத்தாங்க."

தாள்.

மூன்று வருஷத்துக்கு முன், யோன்சிலை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய அன்று என் கையிலும் ஒன்று கொடுத்தார்கள். அதில் இரண்டு கால்களின் படம் இருந்தது. எந்தெந்த இடத்தில் அளவுநாடா வைத்து அளக்க வேண்டும் என்று கோடு போட்டிருந்தது. யோன்சில் ஆஸ்பத்திரி உடுப்பை மாற்றப் போயிருந்தாள். கூட இருந்து பார்த்துக்கொள்பவள் என்று நர்ஸ் என்னிடம்தான் சொன்னாள்: "ஒரு கால் மட்டும் கனமாத் தெரிஞ்சா, காலுறைத் தடம் ஆழமா விழுந்தா, உடனே கூட்டிட்டு வாங்கம்மா. வருஷக்கணக்கா ஆனப்புறமும் வரலாம். ரொம்ப நேரம் குந்தி உக்கார வேண்டாம். பெரிய பாரம் தூக்க விடாதீங்க." கேட்டுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டேன்.

தாளின் தலைப்பில் அந்த நோயின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. யார் கண்ணிலும் பட வேண்டாமே என்றுதான் மறைத்தேன் என மூன்று வருஷமாக எனக்கு நானே சொல்லி வந்தேன். அது பாதிதான் உண்மை. கிம்ச்சிக்கு அப்போது இரண்டு மாதம் இருந்தது. குந்தக் கூடாது, தூக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டால் நூற்றிருபது கோசையும் நான் ஒருத்தியே அலச வேண்டும். அந்தத் தாளை விரித்து அதன்மேல் பூண்டு உரித்தேன். தோலோடு சேர்த்துச் சுருட்டிக் குப்பையில் போட்டேன்.

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்," என்றேன். தலை நிமிரவில்லை. வெட்டிய ரப்பர்த் துண்டுகளைப் பொறுக்கினேன். பொறுக்கியதையே மறுபடி கீழே வைத்துப் பொறுக்கினேன்.

"போலாம்," என்றாள் யோன்சில். பருத்த காலை இரண்டு கைகளாலும் தூக்கிப் பலகைமேல் வைத்துக்கொண்டாள். "ஆனா எங்கிட்ட யாருமே எதுவும் சொல்லலையே. ஏங்க்கா, அன்னிக்கு நான் துணி மாத்தப் போயிருந்தப்போ அந்த நர்ஸ் உங்ககிட்ட ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தாளே... என்ன சொன்னா?"