இருவர் முகமும் தெரிய பத்துப் படங்கள்

மனிதர்கள் இல்லாவிட்டால் இந்த உலகம் எவ்வளவு பார்க்க லட்சணமாக இருக்கும் என்பது கேமராவைக் கையில் எடுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு பாலத்தை எடுக்கப் போனால் அதன் நடுவில் ஒருத்தன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பான், என்னவோ அவன் அப்பன் கட்டிவிட்டுப் போன பாலம் மாதிரி. கோபுரத்தை எடுக்கப் போனால் ஒரு குடும்பமே வரிசைகட்டி நின்று, அதை இரண்டு விரலுக்கு நடுவில் பிடிப்பதாகப் பாவனை செய்துகொண்டிருக்கும். பிடித்து என்ன செய்யப் போகிறார்கள், வீட்டுக்கா தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள்? அப்புறம் இந்தக் குதிக்கிற கூட்டம். கடற்கரைக்கு வந்தால் கடல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆறு பேர் கைகோத்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி எம்புவார்கள். ஐந்து பேர் மேலே இருக்கும்போது ஆறாவது ஆள் இறங்கியிருப்பான். மறுபடியும் முதலிலிருந்து எண்ணுவார்கள்.

நான் அவசரப்பட மாட்டேன். அத்தனை பேரும் இளித்து முடித்து ஓய்ந்து போகும்வரை ஒரு மணி நேரம் ஆனாலும் காத்திருப்பேன். என் படங்களில் ஆள் கிடையாது, அது என் கொள்கை. என் மனைவி பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். தப்பித் தவறி ஓரத்தில் அவள் முழங்கை வந்துவிட்டால், "கொஞ்சம் தள்ளி நில்லு" என்பேன். நிற்பாள். இந்த நாட்டுக்கு வந்த பதினோரு வருஷத்தில், ஊர் சுற்றப் போன இடங்களில் நான் அவளிடம் அதிகம் பேசியது இதைத்தான்.

பிழைப்புக்குச் செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். மருந்துப் புட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கிற தொழிற்சாலையில் தரச் சோதனை. கீழே வெளிச்சம் வைத்த கண்ணாடி மேஜை மேல் லேபிள்கள் ஓடிக்கொண்டே இருக்கும். மை பரவியது, கோணலாக வெட்டுப்பட்டது, எழுத்து இரட்டித்தது எல்லாவற்றையும் பொறுக்கிச் சிவப்புத் தட்டில் போட வேண்டும். எட்டு பேரில் என் தட்டுதான் முதலில் நிறையும். மேற்பார்வையாளர் அதைச் சொன்னபோது பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். ஒருமுறை சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்ட எல்லாரிடமும் விடுமுறைப் படம் கேட்டார்கள். ஆளே இல்லாத ஒரு ரயில் நிலையத்தின் படத்தைக் கொடுத்தேன். மறுவாரம் அதன்மேல் யாரோ துப்புரவு முறைப் பட்டியலைக் குத்திவைத்திருந்தார்கள். ரசனை கெட்ட ஜென்மங்கள்.

இந்த ஊரில் எங்களுக்கென்று இருக்கும் ஒரே உறவு என் மனைவியின் தங்கை குடும்பம். தங்கையின் கணவர், அதாவது என் சகலை, சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். லீவு கிடைத்தால் இரண்டு குடும்பமும் சேர்ந்துதான் வெளியூர் போவோம். மனசுக்குள் நான் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கட்டைவிரல். காரணம், போனில் அவர் எடுக்கும் எந்தப் படமானாலும் இடது மூலையில் அவருடைய கட்டைவிரல் உப்பிக்கொண்டு நிற்கும். அவருக்கு இடம் பொருள் எதுவும் கிடையாது. அருவியாக இருந்தாலும் சரி, வண்டி நிறுத்துகிற இடமாக இருந்தாலும் சரி, கழிவறை வாசலானாலும் சரி, "எல்லாரும் இங்க பாருங்க" என்று போனைத் தூக்கிவிடுவார். வீட்டுக்கு வந்ததும் மறக்காமல் எல்லாவற்றையும் அனுப்புவார். நானும் மறக்காமல் திறக்காமலே அழித்துவிடுவேன்.

போன மாதம் குடியேற்ற அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. என் மனைவி இங்கே இருப்பது என் பெயரில், என்னைச் சார்ந்தவள் என்ற அனுமதியில். அதைப் புதுப்பிக்கும் காலம் வந்திருந்தது. இந்த முறை புதிதாக ஒரு விதி போட்டிருந்தார்கள். தம்பதியாகச் சேர்ந்து வாழ்வதற்குச் சான்றாக வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு இடங்களில் எடுத்த, இருவர் முகமும் தெளிவாகத் தெரிகிற பத்துப் படங்கள் வேண்டுமாம். கொடுக்காவிட்டால் அவள் ஊருக்குத் திரும்பிப்போய் அங்கிருந்து விண்ணப்பிக்க வேண்டும். அப்படிப் போனவர்கள் ஒரு வருஷமாகியும் வந்து சேரவில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

படித்துவிட்டுச் சிரித்தேன். "பத்துதானா? என்கிட்ட நாப்பத்தோராயிரம் இருக்கு."

அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "அதுல எதுல நான் இருக்கேன்?" என்றாள் திரும்பாமலே.

"தேடினா கிடைக்கும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று ஹார்ட் டிஸ்கையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊர்வாரியாக, நேரவாரியாக ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறேன். இரண்டு நிமிஷத்தில் எந்தப் பாலத்தையும் எடுத்துக் கொடுத்துவிடுவேன். மத்தியானம்வரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியதில் என் மனைவியைப் பற்றிக் கிடைத்தவை இவ்வளவுதான். கல் தரையில் ஒரு நிழல், பையின் வார், ஒரு செருப்பு நுனி. அருங்காட்சியகக் கண்ணாடியில் மங்கலாக இரண்டு தலைகள், அதில் ஒன்றின் முகத்தை கேமரா மறைத்திருந்தது. அந்தத் தலை நான்.

அவள் முழுசாக விழுந்த படங்களும் இருந்திருக்கின்றன. அவற்றிலிருந்து அவளை நானே கணினியில் அழித்திருக்கிறேன். இடத்தை அடைக்கிறதென்று அசலையும் வைத்துக்கொள்ளவில்லை. ரொம்பச் சுத்தமான வேலை. ஒரு படிக்கட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எந்தப் படியில் அவள் நின்றிருந்தாள் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் டீ கொண்டுவந்து வைத்தாள். "கிடைச்சுதா?"

"நாளைக்கு லீவு போடுறேன். பத்து டிரெஸ் எடுத்து வை. பூங்கா, ஆத்தோரம், ஸ்டேஷன்னு பத்து இடத்துல டைமர் வச்சு எடுத்துடலாம். தேதியை நான் மாத்திக்கிறேன்."

"ஒரே நாள்ல பதினோரு வருஷம் வாழ்ந்து முடிச்சிடலாம்ங்கிறீங்க." அவள் குரல் உயரவே இல்லை. "பொய் சொல்லி மாட்டிக்கிட்டா ஊருக்குப் போறது நான்தான். தங்கச்சிக்குப் போன் பண்றேன். அவ வீட்டுக்காரர்கிட்ட இருக்கும்."

"அவர்கிட்ட போய் நிக்கணுமா?"

"நிக்க வேணாம். சோபா இருக்கு, உக்காந்துக்கலாம்."

அன்று சாயந்திரமே போனோம். சகலை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க இடமில்லை. அத்தனையும் கட்டைவிரலோடு சேர்த்துச் சட்டம் போட்டு மாட்டிய படங்கள். அவர் என்னைக் குத்திக்காட்டுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மனுஷனுக்கு அதுகூடத் தெரியவில்லை.

"இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க சகல? எல்லாம் உங்களுக்கு அனுப்பினதுதானே," என்று சொல்லிக்கொண்டே போனை டிவியோடு இணைத்தார். நான் டீப்பாயின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிவியில் கட்டைவிரல் ஒரு தலையணை அளவுக்கு வந்து நின்றது. அக்காவும் தங்கையும் சிரித்தார்கள். படங்கள் ஒவ்வொன்றாக ஓடின. எல்லாவற்றிலும் நான் இருந்தேன். இருந்தேன் என்றால், ஓரத்தில், உதட்டைச் சுழித்துக்கொண்டு, காலில் ஏதோ அசிங்கத்தை மிதித்துவிட்டவன் மாதிரி.

"மாமா, இது அருவிகிட்ட. இங்க யார் மேல கோவம்?" என்றாள் கொழுந்தியாள். அடுத்த படம் வந்தது. "இது மலை மேல. இது போட்ல. இது உங்க கல்யாண நாளுக்கு ஓட்டலுக்குப் போனது. அக்கா, இங்க பாரேன், அன்னிக்கும் அதே மூஞ்சி."

"சும்மா இரு," என்று சகலை எனக்குப் பரிந்து வந்தார். "சகலைக்கு முகவெட்டே அப்படி. கோவமெல்லாம் கிடையாது."

எனக்கு யார் பரிந்து பேசினாலும் பிடிக்காது, இவர் பேசினால் அறவே பிடிக்காது. படத்தின் கோணம் சரியில்லை, தலைகள் வெட்டுப்பட்டிருக்கின்றன என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் என் மனைவியைப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை அல்ல, டிவியில் இருந்தவளை. ஒரு கண் மூடியிருக்க, முடி முகத்தில் விழுந்திருக்க, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு தெற்றுப்பல் உண்டு என்பது தெரியும். சிரித்தால் அது இவ்வளவு வெளியே வரும் என்பது எனக்குத் தெரியாது. எல்லாப் படத்திலும் அப்படித்தான் இருந்தாள். போனைப் பார்த்துச் சிரித்தாள், தங்கையைப் பார்த்துச் சிரித்தாள், அந்தக் கட்டைவிரலைப் பார்த்துச் சிரித்தாள். ஒன்றில்கூட என் பக்கம் திரும்பவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் எப்போதும் ஓர் ஆள் நிற்கிற இடம் விட்டிருந்தாள். அந்த இடைவெளியைப் பழக்கியவன் நான்தான்.

பத்தைத் தேர்ந்தெடுத்தோம். விரலையாவது அழித்துக் கொடுக்கிறேன் என்றேன்.

"விரல் இருக்கட்டும்," என்றாள். "அது இருந்தாத்தான் நிஜம்னு நம்புவாங்க."

புதன்கிழமை காலை அலுவலகத்தில் எங்களுக்கு வாய்த்த அதிகாரி சளி பிடித்த ஒரு பெண்மணி. கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு டிஷ்யூ பெட்டி. பத்துப் படத்தையும் மேஜையில் பரப்பினாள். நான் லேபிள் பார்ப்பது மாதிரியே ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அந்த ஊர் மொழியில் அவள் கேட்டதை நம் பேச்சில் சொன்னால் இப்படித்தான் இருக்கும்.

"இது எல்லாமே நீங்கதானா?"

"நான்தான்."

"இந்தப் பத்து நாளும் ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"இல்லீங்க. நான் படம் எடுக்கிறவன். இது எடுத்த விதம் எனக்குப் பிடிக்கல, அதனால முகம் அப்படி இருக்கு."

அவள் எழுதிக்கொண்டாள். "சரி. இந்தப் பத்து இடத்துல உங்க மனைவிக்கு ரொம்பப் பிடிச்ச இடம் எது?"

அந்தப் பத்து இடத்திலும் வெயில் எந்தப் பக்கம் விழும், எந்த லென்ஸ் போட்டேன், கூட்டம் கலைய எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்று கேட்டிருந்தால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லியிருப்பேன். இதைக் கேட்டாள். நான் அருவியைத் தொட்டுக் காட்டினேன்.

"அங்க எனக்குக் காய்ச்சல்," என்றாள் என் மனைவி.

அதிகாரி சிரிக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினாள். நீங்கள் ஏதாவது வேலை பார்க்கிறீர்களா என்று கேட்டாள். பார்ப்பதாக என் மனைவி சொன்னாள். ஆறு வருஷமாகச் சலவைக் கடையில் துணி திருத்துகிற வேலை. கால்சட்டைக்கு நீளம் குறைப்பாள், ஜிப் மாற்றுவாள், கிழிசல் தைப்பாள். நடுவில் நிறுத்தியதுண்டா என்றதற்கு இல்லை என்றாள். கடைக்காரர் எழுதிக் கொடுத்த கடிதமும் அவள் பையில் இருந்தது. அது எப்போது வாங்கியது என்று எனக்குத் தெரியாது.

"அப்புறம் ஏன் இவர் பேர்ல கேக்கிறீங்க?" என்றாள் அதிகாரி. "அஞ்சு வருஷம் வேலை பார்த்திருந்தா போதுமே. உங்க பேர்லயே கேக்கலாம். இந்தப் படம் எதுவும் வேணாம், இவர் கையெழுத்தும் வேணாம். உங்க படம் மட்டும் ஒண்ணு. வெளிய மெஷின் இருக்கு, பன்னெண்டு மணிக்குள்ள எடுத்துட்டு வந்துடுங்க."

"அதெல்லாம் தேவையில்லை, இத்தனை வருஷம் என் பேர்லதான் இருந்துச்சு, அப்படியே இருக்கட்டும்," என்றேன்.

"அவங்களைக் கேட்டேன்," என்றாள் அதிகாரி.

என் மனைவி பத்துப் படங்களையும் ஓரம் ஒத்து அடுக்கி, உறையில் போட்டு, பைக்குள் வைத்தாள்.

"என் பேர்ல கேக்கிற ஃபாரமே குடுங்க," என்றாள்.

வெளியே நடைபாதைக் கோடியில் அந்த மெஷின் நின்றது. பெட்டி மாதிரி ஒரு அறை, சாம்பல் நிறத் துணித்திரை, சுழலும் முக்காலி. உலகத்திலேயே கேவலமாகப் படம் எடுப்பது இந்த மெஷின்தான். மூக்கை அமுக்கும், கன்னத்தை வீங்கவைக்கும், கொலை செய்துவிட்டு வந்தவன் மாதிரி எல்லாரையும் காட்டும். என் தோளில் கேமரா தொங்கியது. பக்கத்திலேயே வெள்ளைச் சுவர். எதிரே ஜன்னலிலிருந்து மெத்தென்ற வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

"என்கிட்ட கேமரா இருக்கு," என்றேன். "இந்த வெளிச்சத்துல நல்லா வரும். வா, இப்படி நில்லு. உன் படம் நான் எடுக்கிறேன். கீழ கடையில பிரிண்ட் போட்டுடலாம்."

அவளுக்குக் கோபம் வந்திருந்தால் சமாளித்திருப்பேன். அவளுக்குக் கோபமே வரவில்லை.

"இதுவே போதுங்க," என்று பையை என் கையில் கொடுத்தாள். உள்ளே போய் முக்காலியைத் தன் உயரத்துக்குச் சுழற்றி வைத்து, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. முகவாயைக் கொஞ்சம் தூக்கச் சொல்லலாம் என்று திரையை விலக்கித் தலையை நீட்டினேன். எதிரே மெஷினில் இருந்த கண்ணாடித் திரையில் அவள் முகத்துக்குப் பக்கத்தில் என் முகமும் விழுந்தது. பதினோரு வருஷத்தில் எங்கள் இரண்டு முகமும் அவ்வளவு நெருக்கமாக, அவ்வளவு தெளிவாக ஒரே சட்டத்தில் வந்தது அப்போதுதான். மெஷின் சிவப்பு விளக்கைப் போட்டுக் கத்தியது. ஒரு ஆள் மட்டும்தான் இருக்க வேண்டுமாம்.

"என்னங்க," என்றாள் அவள், நேராகப் பார்த்தபடியே. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

பையைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றேன்.