பூனையின் வயிற்றில் ஊசி

வீட்டில் வைத்த பெயர் என்னவாக இருந்தாலும், அவளை எல்லோரும் கூப்பிடுவது அவசரம் என்றுதான். சித்தியின் விலங்கு ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் இருந்த பழைய எக்ஸ்ரே ப்ரோக்ராமை முந்தின நாள் சாயங்காலமே அழித்துவிட்டுப் போனவள் அவள். புதியது தயார், அவளே எழுதியது, காலையில் வந்து போட்டுவிடலாம். அதற்குள் என்ன குடி முழுகிவிடப் போகிறது?

காலையில் கதவு திறந்ததுமே ஒரு தையல்காரர் பூனையோடு வந்துவிட்டார்.

"ஊசிய முழுங்கிடுச்சு டாக்டர்." ஆள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார், குரல்தான் எழும்பவில்லை. "துணியில குத்தி வச்சிருந்தேன். திரும்பிப் பாத்தா ஊசியக் காணோம். இவ பக்கத்துல உக்காந்து சப்புக்கொட்டிட்டு இருக்கா. அப்பலேருந்து எச்சில் ஒழுகுது."

பூனை வாயைத் திறக்கவே விடவில்லை. தொண்டையிலிருந்து வால் வரைக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். படம் கம்ப்யூட்டருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதைத் திறந்து காட்டத்தான் ஆளில்லை. அவசரம் பென்டிரைவைச் செருகி, தன் ப்ரோக்ராமை ஏற்றித் தட்டினாள். திரையில் ஒரு கட்டம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போனது. மறுபடி தட்டினாள். மறுபடியும் ஓட்டம்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல சித்தி, ஒரு நிமிஷம்."

"உன் ஒரு நிமிஷம் எனக்குத் தெரியாதா? பழசையாவது போடு."

"அத நேத்தே தூக்கிட்டேன்..."

சித்தி திட்டவில்லை. கோபம் வந்தால் அவள் கையைக் கழுவுவாள். இப்போது போய்க் கழுவினாள், ரொம்ப நேரம்.

அவசரம் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். எந்த ப்ரோக்ராமும் தனியாளாக நிற்பதில்லை. யார் யாரோ எழுதி வைத்த லைப்ரரிகள் என்ற துணை ப்ரோக்ராம்களின் தோளில் ஏறித்தான் நிற்கும். அவற்றை ரெடிமேடாகவே எடுத்துக்கொள்ளலாம். இவளுக்கு அது கௌரவக் குறைச்சல். ஒவ்வொன்றின் மூல வரிகளையும் இறக்கி, மெஷினுக்குப் புரிகிற மாதிரி தன் கையாலேயே கம்பைல் செய்திருந்தாள். அதோடு விட்டாளா? 'இந்த மெஷினுக்கென்றே செய்' என்று ஒரு சுவிட்சையும் போட்டிருந்தாள். வேகம் பறந்தது. ஆனால் 'இந்த மெஷின்' அவளுடைய புது லேப்டாப். சித்தியின் கம்ப்யூட்டருக்கோ அந்தப் புது வித்தைகள் ஒன்றுகூடத் தெரியாது.

"என்னம்மா கோளாறு?" என்றார் தையல்காரர்.

"என் லேப்டாப்போட அளவுக்குத் தைச்சுட்டேன்ணே. இது வயசான பொட்டி. மாட்டினதும் தையல் விட்டுடுச்சு."

"அளவெடுக்காமயா தைச்சீங்க?" பூனையைக்கூட மறந்துவிட்டார் மனிதர். அவ்வளவு அதிர்ச்சி.

லேப்டாப்பைத் திறந்து, சுவிட்சை எடுத்துவிட்டு, முதலிலிருந்து கம்பைல் செய்ய உட்கார்ந்தாள். படம் திறக்கும் லைப்ரரி வேண்டுமானால், சுருக்கிய படத்தைப் பிரிக்கும் லைப்ரரி வேண்டும். அதற்கு ஒரு மச்சான், மச்சானுக்கு ஒரு சகலை, சகலை வந்தால் குடும்பத்தோடுதான் வருவார். எல்லோரும் வந்து சேர மத்தியானம் ஆகிவிடும்.

"சித்தி, கறுப்பு வெள்ளையில படம் தெரிஞ்சா போதுமா?"

"ஊசி தெரிஞ்சா போதும்."

வண்ணத்தை வெட்டினாள். படத்தைச் சுழற்றிக் காட்டுவதை வெட்டினாள். கூர்மையாக்கும் லைப்ரரியைச் சகலை குடும்பத்தோடு வாசலிலேயே நிறுத்தினாள். ஒவ்வொரு லைப்ரரியும் தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ள ஒரு டெஸ்ட் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வரும்; ஓட்டினால் கம்பைலைவிட அதிக நேரம் பிடிக்கும். அவள் அதை ஆயுசில் ஓட்டியதில்லை. இன்றைக்கும் ஓட்டவில்லை. லேப்டாப்பின் விசிறி இரைந்தது. பூனை அதை முறைத்துக்கொண்டே இருந்தது.

பென்டிரைவ் மறுபடி கைமாறியது. தட்டினாள். கட்டம் வந்தது, நின்றது. முதுகெலும்பு, விலா, இடுப்பு எல்லாம் பளிச்சென்று இருந்தன.

ஊசி இல்லை.

"அப்பாடா!" என்று தையல்காரர் சுவரில் சாய்ந்தார்.

சித்தி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஊசி இல்லங்கிறியா? இல்ல, உன் ப்ரோக்ராம் காட்டலங்கிறியா?"

ஊசி உள்ளே இருந்து வீட்டுக்கு அனுப்பினால், குடலைக் குத்திவிடும். இல்லாத ஊசிக்காக வயிற்றைக் கிழித்தாலோ, பூனை கிழவி. மயக்க மருந்து கொடுத்தால் கண் திறப்பாளோ மாட்டாளோ. பாதி லைப்ரரியை அவசரம் வெட்டியிருக்கிறாள். மீதியைச் சோதிக்கவில்லை. முடி மாதிரி ஒரு கோடு, படத்தைப் பிரிக்கிற இடத்தில் தொலைந்திருந்தால்?

"தெரியல சித்தி."

"தெரியாம நான் கத்தியத் தொடவும் முடியாது, தொடாம இருக்கவும் முடியாது."

அவசரம் திரையைப் பார்த்தாள். பூனையைப் பார்த்தாள். பிறகு தையல்காரரைப் பார்த்தாள்.

"அண்ணே, அதே மாதிரி ஊசி வேற இருக்கா?"

சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. "அதுவும் இதுலேருந்து எடுத்ததுதான்."

"சித்தி, இத அது வயித்து மேல ஒட்டி இன்னொரு படம் எடுங்க. இது தெரியலன்னா என் ப்ரோக்ராம் குருடு. தெரிஞ்சா, உள்ள இருக்கிறதும் தெரிஞ்சுதானே ஆகணும்?"

சித்தி பிளாஸ்திரியைக் கிழித்தாள். பூனையின் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை.

படம் வந்தது. வயிற்றின் மேல் ஒரு வெள்ளைக் கோடு. நூல் கோக்கிற ஓட்டைகூடத் தெரிந்தது. ஒரே ஒரு கோடு. பூனையைப் பக்கவாட்டில் படுக்கவைத்து இன்னொன்று எடுத்தார்கள். அப்போதும் ஒன்றுதான், அதுவும் தோலுக்கு வெளியே.

"கத்தி வேண்டாம்," என்றாள் சித்தி. பூனையைத் துண்டில் சுருட்டி, ஒருவழியாக வாயைத் திறந்து பார்த்தாள். கடைவாய் ஈறு சிவந்து வீங்கியிருந்தது. "எச்சில் இதனாலதான். மருந்து தரேன்."

அவசரம் பிளாஸ்திரியை மெதுவாக, முடி பிடுங்காமல் உரித்துக்கொண்டிருந்தபோது தையல்காரர் வீட்டுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் மனைவி பேசியது அறை முழுக்கக் கேட்டது.

"ஊசியா? கிடைச்சுடுச்சு. நாற்காலியில உக்காந்தேன், தானா கிடைச்சுது! நீங்க வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்."

அவர் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, சித்தியின் பக்கம் திரும்பினார்.

"டாக்டர், இன்னிக்கு ஒரு ராத்திரி இங்க வச்சுப் பாத்துக்குவீங்களா?"

"பூனைக்கு அதெல்லாம் தேவையில்லீங்க."

"பூனைய இல்ல டாக்டர், என்னை."