தட்டி இல்லாத பந்தல்

மாநாட்டுப் பந்தலைச் சுற்றித் மறைப்புத் தட்டி கட்ட வேண்டாம் என்று கட்சித் தொண்டன் மரியான் சொன்னபோது மாவட்டச் செயலாளர் ஆவுடையப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் சிரித்தார்.

"ஏலே, அகில இந்திய மாநாடு நடத்துதோமா, பொருட்காட்சி நடத்துதோமா? பிரதிநிதின்னா நாலு பேரு சண்டை போடுவான், ஒருத்தன் நாற்காலியத் தூக்குவான். அதெல்லாம் ஊரு பாக்கணுமாக்கும்?"

"பாக்கட்டும் அண்ணாச்சி. நெருக்கடி நிலையில கதவச் சாத்திக்கிட்டு முடிவெடுத்தாங்கன்னு போன வருசம் மேடை மேடையா ஏறிப் பேசினது நாமதான்."

இந்தப் பேச்சுக்கெல்லாம் ஆவுடையப்பன் மசிகிற ஆள் இல்லை. தாமிரபரணிக் கரையில் நூறு ஏக்கர் வயலையும் கட்சியையும் ஒரே மாதிரி நடத்தி வந்தவர். ஆனால் டெல்லிக்காரர்களுக்கு யோசனை பிடித்துவிட்டது. 'திறந்த மாநாடு' என்று சுவரொட்டியே ஒட்டிவிட்டார்கள். பிரதிநிதிகளுக்குப் பின்னால் பொதுமக்கள் உட்காரலாம். ஒவ்வொரு தீர்மானத்துக்கு முன்பும் அவர்களிடமும் எதிர்ப்பு உண்டா என்று தலைவர் கேட்பார்.

மரியானுக்கு அந்தக் கேள்விதான் வேண்டியிருந்தது. அவனுடைய கடற்கரை ஊரான சேசுமரித்துறையில் துடுப்பு வள்ளத்தை நம்பித்தான் எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்தது. விசைப்படகுகள் கரையை ஒட்டி வந்து, விரித்த வலையைக் கிழித்துக்கொண்டு போயின. கரைக்கு எவ்வளவு பக்கத்திலும் அவை மீன் பிடிக்கலாம், தடை கூடாது என்று ஒரு தீர்மானம் மாநாட்டுக்கு வரப்போவது அவனுக்குத் தெரியும். டெல்லியில் ஆட்சி அவர்கள் கட்சியுடையது. இங்கே நிறைவேறினால் அப்புறம் கேட்க நாதி இல்லை.

மாதா கோயில் முற்றத்தில் ஊரைக் கூட்டிச் சொன்னான். "நீங்க நேருக்கு நேரா உக்காந்திருந்தா, ஒங்க மூஞ்சியப் பாத்து எதிர்ப்பு உண்டான்னு கேட்டு நிறைவேத்த அவங்களுக்கு மனசு வராது."

மனுவேல் ஊர்த்தலைவர். மரியானுக்கு மனைவி வழியில் மாமா. "அங்கன வந்து நாங்க என்ன மருமவனே பேசணும்? ஒங்க பாசையும் தெரியாது, சட்டமும் தெரியாது."

"ஒண்ணும் பேசாண்டாம் மாமா. சத்தம் மட்டும் போட்ராதீங்க. கலாட்டான்னு சொல்லி அடுத்த தடவ வெளிய நிறுத்திருவான்."

"அப்ப எங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டுப் போவாதீங்க. தூங்கும்போதே சத்தம் போடுத மனுசன்" என்றாள் பெண்கள் பக்கமிருந்து பிளாரன்ஸ். ஊர் சிரித்தது.

மாநாட்டின் இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கடலுக்குப் போகாத நாள். பூசை முடிந்த சட்டையோடு ஊரே வந்து பந்தலின் கடைசியில் உட்கார்ந்தது. மரியான் கட்சி பேட்ஜைக் குத்திக்கொண்டு நடைபாதை ஓரம் நின்றான். ஒரு புகைப்படக்காரன் பிரதிநிதிகளை விட்டுவிட்டு இவர்களைத்தான் எடுத்துத் தள்ளினான்.

தீர்மானத்தை இங்கிலீஷிலும் இந்தியிலும் வாசித்துக் கடைசியில் தமிழில் வாசித்தார்கள். ஆதரித்து இரண்டு பேர் பேசினார்கள். ஏற்றுமதி என்ற சொல் நிறைய வந்தது. பிறகு தலைவர் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் பின்வரிசையைப் பார்த்துச் சொன்னார்: "பொதுமக்களில் யாருக்காவது எதிர்ப்பு உண்டா?"

ஆண்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுத் தலையைக் குனிந்தார்கள். பெண்கள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார்கள். ஒரு இருமல்கூட இல்லை.

அது என்னவென்று மரியானுக்குத் தெரியும். கோயில் முற்றத்தில் ஒரு காரியத்தைக் கேட்டால், ஒப்புகிறவன் எழுந்து சம்மதம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒப்பாதவன் துண்டை மடியில் போட்டு வாயை மூடிக்கொள்வான். மொத்த ஊரும் அப்படி உட்கார்ந்துவிட்டால் காரியம் அதோடு செத்தது. யாரும் அதை மறுபடி எடுக்கக்கூடாது. இவர்கள் தங்களுக்குத் தெரிந்ததிலேயே பலமான மறுப்பைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறந்ததிலிருந்து பார்த்து வந்தவனுக்கு, இங்கே வாயை மூடினால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள் என்பதை ஊரிடம் சொல்லி வைக்கத் தோன்றவில்லை. கட்சிக் கூட்டத்தில் அவன் கட்சிக்காரனாகவே யோசித்திருந்தான்.

"எதிர்ப்பு இல்லை. ஏகமனதாக நிறைவேறுகிறது." கைதட்டல் எழுந்தது.

"எதிர்ப்பு இருக்கு" என்று மரியான் கத்தினான்.

முன்வரிசையிலிருந்து ஆவுடையப்பன் திரும்பினார். "யாருக்குலே?"

"ஊருக்கு."

"ஊரு வாயத் தொறக்கலியே. ஒனக்கு மட்டும் எப்படிலே கேட்டுச்சு?"

பிரதிநிதிகள் சிரித்தார்கள். மரியான் பின்னால் ஓடினான். "மாமா, எந்திரிச்சு வேண்டாம்னு சொல்லுங்க. ஒரு வார்த்தை."

மனுவேல் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். ஊர் வாயை மூடிய பிறகு இரண்டாம் தடவை கேட்பது அவர்களிடம் அவமரியாதை. அவர் எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். ஒழுங்காக வரிசையில் வெளியே போனார்கள். அந்த ஒழுங்கைப் பார்த்து மேடையில் இன்னொரு முறை கை தட்டினார்கள்.

மரியான் வாசல் வரை கூடவே போனான். "மாமா, அங்க பேசாம இருந்தா சரின்னு எடுத்துக்கிடுவான்."

"ஒனக்கு இது முன்னமே தெரியுமாலே?"

"தெரியும்."

"எங்களையும் தெரியுமே. பொறவு ஏம்லே வாயப் பொத்திக்கிட்டு இருக்கச் சொன்ன?"

அதற்குள் ஒலிபெருக்கி அவன் பெயரைக் கூப்பிட்டது. மாநாட்டை மக்களுக்குத் திறந்துவிடச் சொன்ன தோழருக்குத் தலைவர் பொன்னாடை போர்த்துகிறாராம்.

"போ, கூப்பிடுதான்" என்றார் மனுவேல்.

மரியான் திரும்பி நடந்தான். பொன்னாடை போர்த்தினால் நன்றி சொல்ல மைக்கைக் கொடுப்பார்கள். அதற்காகத்தான் குனிந்து கழுத்தைக் கொடுத்தான். வடக்கத்தித் தலைவர் சிரித்த முகத்தோடு தோளைத் தட்டினார். மைக் கைக்கு வந்தது.

"சேசுமரித்துறைக்காரங்க சம்மதிக்கல. வேண்டாம்னுதான் தலையக் குனிஞ்சாங்க. இந்தத் தீர்மானம்..."

ஆவுடையப்பன் மைக்செட்காரனைப் பார்த்துக் கையைக் காட்டினார். மைக்கில் ஒரு கொர்ர் சத்தம் வந்து அடங்கியது. மரியான் நிறுத்தவில்லை. வலை கிழிந்தது, வள்ளம் வெறுமனே திரும்புவது, எல்லாவற்றையும் வெறும் தொண்டையில் சொல்லிக்கொண்டே போனான். முதல் இரண்டு வரிசைக்குக் கேட்டிருக்கும். ஆவுடையப்பனைத் தவிர அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. நன்றி சொல்கிறான் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.