பம்பு வாசலோடு நிற்கட்டும்

மூன்றாவது மாடிக்குப் பம்புக்காரர் நாலாவது முறையாக ஏறி வந்தபோது, அவள் கதவைத் திறந்தாளே ஒழிய வழிவிடவில்லை. நிலையின் இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை என்று ஊன்றிக்கொண்டு நின்றாள். முதுகில் மருந்து டேங்கும் கையில் குழாயுமாக வந்த மனிதர், எதற்கு வம்பு என்று ஒரு படி கீழே இறங்கிக்கொண்டார். பின்னால் மூச்சு வாங்க ஏறி வந்த வீட்டுக்காரர்தான் வாயைத் திறந்தார்.

"என்னம்மா இது? மருந்தடிக்க வந்திருக்காரு, தள்ளு."

"வேண்டாம் சார்."

"மூட்டைப்பூச்சி இருக்குன்னு புகார் சொன்னதே நீதானே?"

"நான்தான். கரப்பானுக்குன்னு முதல் தடவ அடிச்ச வாரத்துலதான் இது வந்துச்சு. அதோட மூணு தடவ அடிச்சாச்சு. பூச்சி சாகல. என் பொண்ணுதான் சாகக் கிடந்தா."

கூட்டிச் சொல்கிறாள் என்று நினைக்க வேண்டாம். மூன்றாவது முறை அடித்த அன்று, இரண்டு மணி நேரம் வீட்டை மூடி வைத்தால் போதும் என்றார் பம்புக்காரர். அவள் நாலு மணி நேரம் மூடி வைத்தாள். அப்புறம் ஜன்னல்களையெல்லாம் திறந்து போட்டாள். அப்படியும் சாயங்காலமே அவளுடைய ஐந்து வயது மகளுக்கு இழுப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் மூக்கிலும் வாயிலும் முகமூடியை மாட்டி வைத்திருந்தார்கள். "வீட்ல என்ன அடிச்சீங்க?" என்று டாக்டர் கேட்டபோது அவளுக்குப் பதில் தெரியவில்லை. பெயர்கூடத் தெரியாத ஒன்றைப் பிள்ளையின் மெத்தையில் அடிக்க விட்டோமே என்று அவளுக்குத் தன்மீதே ஆத்திரமாக வந்தது. இனி அந்த வாடை தன் வீட்டுக்குள் வராது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

வீட்டுக்காரருக்கு இதெல்லாம் ஒரு காரணமாகவே படவில்லை. "உன் ஒருத்திக்காக மொத்தக் கட்டடமும் கடிபடணுமா?" என்றார்.

எதிர் வீட்டு அக்கா இந்த மாதிரி நேரத்தில் கதவுக்குப் பின்னால் நிற்காமல் வேறெங்கே நிற்பார்? தலையை நீட்டினார். "எங்க வீட்லயும் வந்துடுச்சு சார். இங்க அடிச்ச கையோட எங்க வீட்லயும் ஒரு தடவ மருந்தடிச்சாங்கல்ல, அதுக்கு மறுநாள்தான் முதல் பூச்சியப் பார்த்தேன்."

"நீங்களே சொல்றீங்க பாருங்கக்கா. அடிச்ச மறுநாள்னு. சாகலக்கா, ஓடுது. சுவர் இடுக்குல பூந்து உங்க வீட்டுக்கு வருது."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அது வர்றது உங்க வீட்லேருந்துதானே?" என்றார் அக்கா. நியாயமாகப் பார்த்தால் அதுவும் சரிதான்.

வீட்டுக்காரர் இதற்குத்தான் காத்திருந்தவர் போலப் பிடித்துக்கொண்டார். "எங்கேருந்து வருதுன்னு எனக்குத் தெரியாதா? ஊர் பேர் தெரியாதவன் படுத்துப் பொரண்ட ஓட்டல் துணியில நாள் பூரா கை வெக்கிற. அதையே வீட்டுக்கும் கொண்டு வர்ற. பதினஞ்சு நாள் டைம் தர்றேன். அடிக்க விட மாட்டேன்னா நீயே ஒழிச்சுக் காட்டு. பதினாறாம் நாள் நானும் இவரும் வருவோம். ஒரே ஒரு பூச்சி கண்ணுல பட்டாலும் காலி பண்ணிடணும்."

"வாங்க. தேடுங்க," என்றாள்.

கதவைச் சாத்தினாள். காலி பண்ணு என்றது அவ்வளவாக உறைக்கவில்லை. ஓட்டல் துணி என்றாரே, அதுதான் சுருக்கென்று தைத்தது. பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் பன்னிரண்டு வருடமாக இஸ்திரி போடுகிறாள். அவள் மடித்து அடுக்கிய விரிப்புகளை மேற்பார்வையாளர் பிரித்துப் பார்ப்பதே இல்லை. அந்தக் கைகளே பூச்சியைக் கொண்டுவந்து மகளின் தலைமாட்டில் விட்டிருந்தால்? அப்படி இருக்கக் கூடாதே என்று மனம் அடித்துக்கொண்டது. இல்லை என்று அடித்துச் சொல்லவும் அவளால் முடியவில்லை.

வெளியூரில் லாரி ஓட்டும் புருஷன் போனில், "கொஞ்சம் ஒத்துப் போயேன்" என்றான். "யாரோட? பூச்சியோடயா, மருந்தோடயா?" என்று கேட்டாள். அவன் பேச்சை மாற்றிச் சாப்பிட்டாயா என்று விசாரித்தான்.

மறுநாள் வேலையில் மேற்பார்வையாளரிடம் போய் நின்றாள். "ஓட்டல் ரூம்ல மூட்டைப்பூச்சி வந்தா என்ன மருந்து சார் அடிப்பாங்க?"

அவர் சிரித்துவிட்டார். "மருந்தா? கஸ்டமர் வாடைய மோந்துட்டு அடுத்த நிமிஷம் பெட்டியத் தூக்கிட்டுப் போயிடுவான். நீராவிதான். சூட்டுல பூச்சியும் சாகும், முட்டையும் சாகும். முட்டை ஒண்ணு ரெண்டு தப்பிச்சாலும் பத்து நாள்ல பொரிஞ்சிடும். அதனால ரெண்டாவது வாட்டியும் கண்டிப்பா போடணும்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போகிறவனுக்கு நீராவி. வருடக்கணக்காகக் குடியிருக்கிற பிள்ளைக்கு விஷம். இந்த ஞாயத்தை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது? ஆனால் மேற்பார்வையாளர் நல்ல மனுஷர். திரைச்சீலைக்கு நீராவி பிடிக்கிற கை மிஷினை அவளுக்கு விடுமுறையான நாட்களில் எடுத்துப்போகச் சொன்னார்.

அப்புறம் அந்த வீட்டில் நடந்தது ஒரு போர் என்றே சொல்ல வேண்டும். மெத்தையின் விளிம்புத் தையலில் மிஷினின் வாயை வைத்து, பத்து எண்ணி, இரண்டு விரல்கடை நகர்த்தி, மறுபடி பத்து எண்ணினாள். கட்டிலின் திருகாணிகளைக் கழற்றி ஓட்டைக்குள் நீராவி விட்டாள். தலையணை, போர்வை, மகளின் துணிப் பொம்மை எல்லாம் கொதிக்கிற தண்ணீரில் மூழ்கி எழுந்தன. பொம்மைக்கு ஒரு கண் போய்விட்டது. மகள் அரை மணி நேரம் அழுதாள். "வீரத்தழும்புடி" என்று சொல்லிச் சமாதானப்படுத்தினாள். சுவர் விரிசலையெல்லாம் வெள்ளைச் சிமெண்டால் அடைத்தாள். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் இழுத்துப் போட்டு, நாலு காலையும் சோப்புத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினாள். மெத்தைக்கு ஜிப் வைத்த உறையைத் தானே தைத்து மாட்டினாள். வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே உடுப்பை மாற்றி, கழற்றியதைப் பைக்குள் திணித்துக் கட்டி, நேரே கொதிதண்ணீருக்குக் கொண்டுபோனாள்.

ஐந்தாம் நாள் இரண்டு பூச்சிகள் கிண்ணத்தில் மிதந்தன. எட்டாம் நாள் ஒன்று. பதினோராம் நாள் எல்லாவற்றுக்கும் இரண்டாவது முறை நீராவி பிடித்தாள். அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. மகளின் கையில் இருந்த தடிப்புகள் வற்றிப்போயின. பல மாதங்களுக்குப் பிறகு பிள்ளை சொறியாமல் தூங்கினாள். அதைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள்.

பதினாறாம் நாள் லீவு போட்டு, காலை மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, கட்டிலில் ஒரு வெள்ளை விரிப்பை விரித்தாள். சற்று முன்தான் இஸ்திரி போட்டது, இன்னும் சூடு ஆறவில்லை. பத்து மணிக்கு வீட்டுக்காரரும் பம்புக்காரரும் வந்தார்கள். கூப்பிடாமலே எதிர் வீட்டு அக்காவும் வந்தார்.

"தேடத்தானே வந்திருக்கீங்க? குழாயத் திறந்தீங்கன்னா நடக்கிறதே வேற," என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். பம்புக்காரர் தலையாட்டினார். தரையெல்லாம் துடைத்த ஈரம். டேங்கை இறக்கிக் கட்டில்மேல் வைத்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு முட்டி போட்டார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார் என்றுதான் சொல்ல வேண்டும். அலமாரி, சுவிட்சுப் பலகை, கதவுச் சந்து, எதையும் விடவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து எழுந்தார்.

"ஒண்ணும் இல்ல சார். சுத்தமா இருக்கு."

வீட்டுக்காரரின் முகம் சுண்டிவிட்டது. பம்புக்காரர் கட்டிலிலிருந்து டேங்கைத் தூக்கினார். அந்த இடத்தில், வெள்ளை விரிப்பின் நட்டநடுவில், ஒரு மூட்டைப்பூச்சி ஊர்ந்தது.

"இதோ! இதோ!" வீட்டுக்காரர் குதிக்காத குறை. "என்னமோ நீராவி, வெந்நீர்னு ஊரையே கூட்டினியே! எடுத்துவை பெட்டிய!"

 பதினைந்து நாள் பாடு, ஒற்றைக் கண் பொம்மை, பிள்ளையின் தூக்கம், எல்லாம் போச்சா? அவள் குனிந்து பார்த்தாள். பூச்சி உயிரோடு, தெம்பாக நடந்தது. இவர்கள் வருவதற்குச் சற்று முன்பு இஸ்திரிப் பெட்டி ஓடிய துணி இது. கட்டிலின் நாலு காலும் தண்ணீரில் நிற்கின்றன. மேலே விரிசல் இல்லாத கூரை. அப்படியானால் இது வந்த வழி ஒன்றே ஒன்றுதான்.

"அண்ணா, அந்தப் பம்பைக் கொஞ்சம் வெளிய, வராந்தாவுல இறக்குங்க," என்றாள்.

கை உறையை மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். டேங்கைத் தோளில் மாட்டும் பட்டைக்கு உள்பக்கம், முதுகில் படுகிற இடத்தில், ஒரு திண்டு கட்டியிருந்தது. கையால் தைத்த பெரிய பெரிய தையல். அதன் ஓரத்தில் பேனா மையைத் தெளித்தது போலக் கறுப்புப் புள்ளிகள், பூச்சியின் எச்சம். பதினைந்து நாளாக மெத்தைத் தையலையே துருவிக்கொண்டிருந்தவளுக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

"இது கம்பெனி குடுத்ததாண்ணா?"

"இல்லம்மா. பட்டை முதுகை அறுக்குதுன்னு சொன்னேன். வீட்ல பழைய போர்வைய மடிச்சுத் தெச்சுக் குடுத்துச்சு."

திண்டை அவிழ்த்து, ஒரு வெள்ளைத் துண்டின்மேல் வைத்து, கத்தரி முனையால் தையலைப் பிரித்தாள். மடிப்பு விரிந்ததும் நாலு திசையிலும் பூச்சிகள் ஓடின. குட்டியும் பெரிசுமாகப் பத்துப் பதினைந்து இருக்கும். மடிப்பின் உள்ளே அரிசிக் குருணை மாதிரி முட்டைகள் ஒட்டிக் கிடந்தன. எதிர் வீட்டு அக்கா "அய்யய்யோ" என்று இரண்டு காலையும் தூக்கப் பார்த்தார். அவள் துண்டோடு சுருட்டி எல்லாவற்றையும் வெந்நீர் வாளிக்குள் அமுக்கினாள்.

"பார்த்துக்குங்க சார். மருந்து டேங்குக்கு முட்டுக் குடுத்துக்கிட்டே குடித்தனம் நடத்தியிருக்கு. மூணு தடவையும் இந்தப் பம்பு என் பொண்ணு மெத்தையிலதான் இறங்குச்சு. முதல் பூச்சி வந்ததே கரப்பானுக்கு அடிச்ச பிறகுதான். ஒவ்வொரு தடவைக்கு அப்புறமும் பூச்சி அதிகமாச்சே, ஏன்னு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா? ஓட்டல் துணியாம்! என் கைய சந்தேகப்பட்டீங்களே. நானும் சேர்ந்து சந்தேகப்பட்டேன், அதுதான் எனக்கு ஆத்திரம்."

"எங்க மெத்தைமேலயும் வெச்சாரு," என்றார் எதிர் வீட்டு அக்கா, சின்னக் குரலில்.

வீட்டுக்காரர் சட்டென்று கட்சி மாறினார். "என்னய்யா இது? பூச்சிய ஒழிக்க வந்தியா, வீடு வீடா விதைக்க வந்தியா?"

பம்புக்காரர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். 

"என் வீட்லயும் இருக்கும்மா," என்றார் அவளைப் பார்த்து. "பசங்க ரெண்டு பேருக்கும் உடம்பெல்லாம் தடிப்பு. வாரா வாரம் அடிக்கிறேன். டபுள் டோஸா கலந்து அடிக்கிறேன். போக மாட்டேங்குதேன்னு..."

"பசங்க படுக்கையிலயா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சின்னவனுக்கு ஒரு மாசமா இருமல். பனின்னு நெனச்சேன்."

அவளுக்கு அதுவரை அந்த மனிதர்மீதும் கோபம் இருந்தது. ஆஸ்பத்திரியில் பெயர் தெரியாமல் விழித்த தன் முகம் இப்போது அவரிடம் தெரிந்தது. கோபம் போகவில்லை. ஆனால் அவரை விட்டு விலகியது.

வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. கையோட எல்லா வீட்டுக்கும் ஒரு ரவுண்டு அடிச்சு முடிச்சிடுய்யா."

"நான் அடிக்க மாட்டேன் சார்," என்றார் பம்புக்காரர்.

"நீ இல்லேன்னா இன்னொருத்தன் வருவான்!"

"வரட்டும்," என்றாள் அவள். "இந்த மாடி ஏறட்டும், பார்க்கிறேன்."

"எங்க வீட்டுக்கும் வேணாம் சார்," என்ற எதிர் வீட்டு அக்கா, வேகமாகப் போய்த் தன் வாசலில் நின்றுகொண்டார்.

வீட்டுக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.  அவள் உள்ளே போய் நீராவி மிஷினை எடுத்துக்கொண்டு வந்து கதவைப் பூட்டினாள்.

"எழுந்திருங்கண்ணா. சின்னவன் பள்ளிக்கூடத்துலேருந்து வர்றதுக்குள்ள அவன் மெத்தை காயணும். உங்க வீடு எந்தப் பக்கம்?"