ரூபனின் முன்பல்

ரூபனின் படம் கைமாறிக் கைமாறித் தேய்ந்துபோயிருந்தது. நெடுஞ்சாலை விபத்தில் அவனோடு அவன் கைப்பேசியும் நொறுங்கிவிட்டது. மிஞ்சியது ஒரு கல்யாணத்தில் யாரோ எடுத்த படம். அத்தை அதை வாட்ஸ்அப் குழுவில் போட, மாமா எடுத்து இன்னொரு குழுவில் தள்ள (நம் சொந்தக்காரர்களுக்குத்தான் கை சும்மா இருக்காதே), ஒவ்வொரு கைக்கும் படம் கொஞ்சம் சுருங்கி, கடைசியில் முகம் கட்டம் கட்டமாய் வந்து நின்றது.

கருமாதிக்கு மாலை போடப் படம் வேண்டும். "தினேஸ்வரி பாக்கட்டும்லா, அவ கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்று அக்காக்காரி தலையில் பொறுப்பைக் கட்டினார்கள்.

காம்பார் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு அதுதான் வேலை. திரையில் ஒரு பக்கம் அசல் படம், மறுபக்கம் அளவு சுருக்கிய படம். கணினி என்ன கணக்குச் சொன்னாலும், மனிதக் கண்ணுக்கு எது எவ்வளவு கெட்டுத் தெரிகிறது என்று அவள் மதிப்பெண் போட வேண்டும். தம்பி போன மறுவாரமே போய் உட்கார்ந்தாள். ஒன்றும் பிசகவில்லை. மனசு மரத்துப்போயும் கண் மட்டும் வேலை செய்கிறதே என்று அவளுக்கே பயமாக இருந்தது.

ஈப்போவில் படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்காரன் உஸ்மான் இரண்டு படங்களைத் திரையில் காட்டினான். "அக்கா, இது நீங்க அனுப்புனது. இது கம்ப்யூட்டர் கிளியர் பண்ணது. எது வேணும்?"

இரண்டாவதில் தோல் பளபளத்தது. சிரிப்பில் முன்பல் முழுசாக இருந்தது. ரூபனுக்குச் சின்ன வயதிலேயே பாதி உடைந்த பல் அது. இல்லாத பாதியைக் கணினி தானாகவே போட்டுவிட்டிருந்தது. இது அவன் இல்லை. முதல் படத்திலோ முகமே இல்லை.

"கிளியர் பண்ணதே போடு தம்பி."

அம்மா கண்டுபிடித்தால் நெஞ்சு வெடித்துவிடும் என்று நினைத்தாள். அந்த நினைப்பும் அவளைத் தொடவில்லை.

கருமாதியன்று வந்தவர்கள் வாய்விட்டு அழுதார்கள். "உயிரோட நிக்கிற மாதிரியே இருக்கான்லா" என்றார் மாமா. அம்மா வீரம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்துக்குக் கிட்டே போனாள். அவள் கண் முன்பல்லிலேயே நின்றது. தினேஸ்வரி பக்கத்தில் போய் நின்றாள்.

"அம்மா, கடையில..."

"தெரியுதுலா. டென்டிஸ்ட்கிட்ட போலாம் வாடான்னு எத்தன வருசமா கூப்ட்டேன். இப்பதான் பல்லு கட்டியிருக்கான். இப்படியே இருக்கட்டும்."

தினேஸ்வரிக்கு அப்போதும் அழுகை வரவில்லை. அம்மாவின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள்.