மூன்றாவது ஜோடி பற்றிய அறிக்கை

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அண்ணன் என்னிடம் கேட்டது ஒரு பக்க அறிக்கை. கடைக்குப் புதிதாக வந்திருக்கும் கால்பந்து பூட்ஸ் வாங்கத் தகுந்ததா, இல்லையா? ஞாயிறு மாலைக்குள் சொல்ல வேண்டும். அதுவரை அந்த ஜோடியை யாருக்கும் கொடுக்காமல் எடுத்து வைப்பதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.

எங்கள் குடும்பத்தில் எதை வாங்கினாலும் என்னைக் கேட்பார்கள். நான் படித்த சின்ன ஊர்ப் பள்ளியில் கடிதம் எழுதும் பாடத்துக்கு மட்டும் எனக்குப் பத்துக்குப் பத்து. இடம், தேதி, விளிப்பு, பொருள். பொருளுக்கு அடியில் ஒரு கோடு. பிறகு விஷயத்தை எண் போட்டுப் பிரிப்பேன். இன்றும் அப்படித்தான். மாமாவின் குளிர்சாதனப் பெட்டிக்கு மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவர் படிக்கவில்லை, ஆனால் பெட்டியை வாங்கினார்.

அண்ணனுக்கு நாற்பத்தேழு வயது. நகரப் பேருந்து ஓட்டுகிறார். வாரம் இரண்டு நாள் மூத்தோர் அணிக்காக வலது ஓரத்தில் ஓடுகிறார். மைதானத்தில் அவர் பெயர் எக்ஸ்பிரஸ்.

அறிக்கை எழுத உட்கார்ந்தபோது, இதில் ஒரு வேடிக்கைக் கதை இருக்கிறதே என்று தோன்றியது. எழுதினேன். மூன்றாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது. எழுதிய பக்கங்களைக் கிழிக்காமல் உங்களிடம் தருகிறேன். நான் எங்கெல்லாம் சிரித்தேன் என்று இன்னொருவரும் பார்க்க வேண்டும்.

2

முதல் தொடக்கம்:

"எக்ஸ்பிரஸ் தடம் புரண்டபோது பந்து அவர் பக்கத்திலேயே இல்லை."

(நல்ல வரி என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.)

இரண்டாம் தொடக்கம்:

"மனிதன் தன் தோல்விக்குக் காரணம் தேடும்போது முதலில் குனிந்து தன் காலில் கிடக்கும்"

(தத்துவம். பாதியில் விட்டாயிற்று.)

மூன்றாம் தொடக்கத்தில் நேராக அண்ணன் வீட்டுக் கூடத்துக்குப் போய்விட்டேன்:

"இந்த பூட்ஸ்தான்டா தடுக்குது," என்றார் அண்ணன். "நுனி தரையில மாட்டுது. ஓடும்போது யாரோ பின்னாடி இருந்து காலைப் புடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு."

"வீட்டுப் படியிலயும்தான் தடுக்குது," என்றார் அண்ணி, துணி மடித்தபடி. "படியும் புதுசா ஒண்ணு வாங்கலாமா தம்பி? அதுக்கும் ஒரு அறிக்கை எழுதுங்க."

"உனக்கு நான் விளையாடுறதே பிடிக்கல."

"ஆமா, பிடிக்காமத்தான் வாரம் ரெண்டு தடவ உங்க சேத்துத் துணியைத் துவைக்கிறேன்."

* குறிப்பு: இந்த அண்ணி பாத்திரத்தின் மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். வேடிக்கைக் கதைக்குக் குறுக்கே நிற்க ஒரு மனைவி வேண்டும் என்பதால் அவரை அப்படி நிறுத்தினேன். உண்மையில் அண்ணி குறுக்கே நிற்பவர் இல்லை. இன்னொன்று. "துணி மடித்தபடி" என்று எழுதியிருக்கிறேனே, அது பொய். படியைப் பற்றிச் சொல்லும்போது அவர் மடிப்பதை நிறுத்திவிட்டார். அண்ணனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் சிரித்துவைத்தேன்.

3

கடைக் காட்சி. வியாழக்கிழமை, அண்ணன் வேலை முடிந்து சீருடையோடு வந்திருந்தார். பழைய ஜோடியை ஒரு பையில் போட்டு நான் கொண்டுபோயிருந்தேன். ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் எதையும் எழுதுவதில்லை.

"போட்டுப் பாருங்க சார்," என்றார் கடைக்காரர். "போட்டிருக்கிறதே தெரியாது."

"தெரியவே தெரியாதுன்னா எதுக்குங்க இவ்வளவு விலை?" என்றேன்.

"தம்பி வக்கீலா?"

"அதைவிட மோசம்," என்றார் அண்ணன். "லெட்டர் எழுதுவான்."

அண்ணன் புதிய பூட்ஸைப் போட்டுக்கொண்டு கடையின் அந்தக் கோடிவரை நடந்துவிட்டு வந்தார். நான் பெட்டியின் பக்கவாட்டில் அச்சடித்திருந்த பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். மேல்பகுதி செயற்கைத் தோல். அடிப்பகுதி வார்ப்பு. தரையைப் பிடிக்கும் ஸ்டட்கள் பன்னிரண்டு.

கடைக்காரர் பழைய ஜோடியைப் பையிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இடது பூட்ஸைக் கீழே வைத்தார். வலது பூட்ஸின் நுனியை விளக்குக்கு நேராகப் பிடித்தார். தோல் போய், உள்துணி தெரிந்தது.

"என்ன சார் இது? பிரேக் இல்லாத சைக்கிளைக் காலைத் தேச்சு நிறுத்துவாங்களே, அந்த மாதிரி இருக்கு. பஸ்ஸையும் இப்படித்தான் நிறுத்துறீங்களா?"

எல்லோரும் சிரித்தோம். அண்ணன்தான் அதிகம் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்துவிட்டு, "இவரையும் உன் கதையில சேத்துக்கடா" என்றார்.

சேர்த்தேன். அந்த வரியை எழுதிவிட்டு, அறிக்கைக்குத் தேவையான ஒரு சின்னத் தகவலுக்காக என் பழைய கடிதக் கோப்பை எடுத்தேன். பழைய ஜோடி என்றைக்கு வந்தது என்ற தேதி, அவ்வளவுதான்.

4

நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

பழைய ஜோடி என்று இதுவரை நான் எழுதியது உண்மையில் இரண்டாவது ஜோடி. அதற்கு முன்னால் ஒன்று இருந்தது. வாங்கிய ஐந்தே மாதத்தில் அதன் வலது நுனி தேய்ந்து மெலிந்துவிட்டது. "இதெல்லாம் ஒரு கம்பெனியா?" என்று அண்ணன் கொதித்தார். நான் தயாரிப்பாளருக்குக் கடிதம் எழுதி, அந்த ஜோடியையும் கூடவே அனுப்பினேன். நான் எழுதியதிலேயே சிறந்த கடிதம் அது என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அதன் நகல் இப்போது என் முன்னால் இருக்கிறது. நான்காவது குறிப்பு:

"வலது காலணியின் நுனியில் தோலின் கனம் நான்கு மில்லிமீட்டர் குறைந்துள்ளது. இடது காலணியில் தேய்மானமே இல்லை. ஒரே மனிதர், ஒரே மைதானம், ஒரே அளவு உபயோகம். அப்படியிருக்க ஒன்று மட்டும் தேய்வது தயாரிப்புக் குறையே அன்றி வேறென்ன?"

வேறென்ன என்று நான்தான் கேட்டிருக்கிறேன். என் கையெழுத்து. அளவுகோல் வைத்து நானே அளந்தது.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. தங்கள் மனக்குறைக்கு வருந்துகிறோம், மாற்று ஜோடி அனுப்புகிறோம். அந்த இடம்வரை படித்துவிட்டு அண்ணனைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கத்தினேன். அந்தப் பதில் கடிதத்தின் மேலே சிவப்பு மையில் "வெற்றி" என்று எழுதினேன். அதோடு இன்னொரு தாள் இருந்தது. அதன் மூலையில் "இணைப்பு 1" என்று எழுதி, ஓட்டை போட்டு, கோப்பில் சேர்த்திருக்கிறேன்.

எண் போட்டிருக்கிறேன். படிக்கவில்லை.

நேற்று மதியம், பதினோரு மாதம் கழித்து, படித்தேன்.

"ஆய்வுக் குறிப்பு. தோல், தையல், பசை எதிலும் குறை காணப்படவில்லை. வலது நுனி மட்டும் மேலிருந்து தேய்ந்துள்ளது. நடக்கையில் பாதம் முழுதாக உயராமல் தரையில் உரசினால் இவ்வாறு ஆவதுண்டு. வாடிக்கையாளரின் மனநிறைவுக்காக மாற்று ஜோடி தருகிறோம். அணிபவர் ஒரு மருத்துவரைப் பார்ப்பது நலம்."

முன்பின் தெரியாத யாரோ, எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து, அண்ணனின் முகத்தைக்கூடப் பார்க்காமல்

(இந்த வாக்கியத்தை மூன்று முறை முடிக்கப் பார்த்தேன். முடியவில்லை.)

இரண்டாவது ஜோடியை மேசைமேல் வைத்து அளந்தேன். வலது நுனி. அதே இடம். போன தடவை நான்கு. இந்தத் தடவை அளக்கத் தோலே இல்லை. அப்புறம்தான், நாற்காலியிலிருந்து எழுந்தபோது, கடைக்காரரின் கேள்வி மறுபடி காதில் விழுந்தது. எந்தக் காலால் பிரேக் மிதிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு தடவை உட்கார்ந்து, என் காலை நீட்டி, மிதித்துப் பார்த்தேன்.

வலது.

5

இனி முடிவுகள்.

(அ) அண்ணன் புதிய பூட்ஸ் வாங்குகிறார். சனிக்கிழமை ஆட்டத்தில் கோல் போடுகிறார். அண்ணி கோட்டுக்கு வெளியே நின்று, "பூட்ஸுக்கு ஒரு மாலை போடுங்க" என்கிறார். வேடிக்கைக் கதைக்கு நான் வைத்திருந்த முடிவு இது. படிக்கிறவருக்குத் திருப்தியாக இருக்கும். நாளைக் காலை முதல் பேருந்து அண்ணனுடையது. அதில் ஏறி உட்காருகிறவர்கள் இந்தக் கதையைப் படித்திருக்க மாட்டார்கள்.

(ஆ) மருத்துவர் முழங்காலில் தட்டிப் பார்த்துவிட்டு, ஒரு நரம்பு சற்று அழுந்தியிருக்கிறது, ஆறு வாரப் பயிற்சியில் சரியாகிவிடும் என்கிறார். இந்த மருத்துவரை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்று பேரும் நல்லதையே சொன்னார்கள். எனக்கு நரம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் என் பேனா சொல்வதையெல்லாம் கேட்கிற மருத்துவரிடம் அண்ணனை அனுப்பக் கூடாது என்பது தெரியும்.

(இ) நான் உண்மையைச் சொல்கிறேன். அண்ணன் மறுநாளே விடுப்பு எழுதிக் கொடுத்து, இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்த ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கி

இதற்குமேல் நான் எழுதவில்லை. விருப்பம் உள்ளவர்கள் தொடரலாம். எதை எழுதினாலும் ஒரு விஷயத்தை மட்டும் மாற்றாதீர்கள்: பதினோரு மாதம். அதை வேறு யார் தலையிலும் போட முடியாது.

6

அண்ணன் வந்துவிட்டார். மணி நான்கு. எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நான் அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னும் முடியலையா?"

"இதோ."

"எத்தன பக்கம்டா? ஒரு பூட்ஸுக்கு இவ்வளவா? மாமா ஃப்ரிட்ஜையே தாண்டிட்ட போல."

நான் சிரிக்கவில்லை. அவர் கவனித்துவிட்டார்.

"ஏன்டா மூஞ்சி இப்படி இருக்கு? வாங்கலாமா வேணாமா, ஒரு வார்த்தை சொல்லு. வேணாம்னாலும் நான் வாங்கத்தான் போறேன். சும்மா உன் மரியாதைக்குக் கேட்டேன்."

"அண்ணா."

"சொல்லு."

"செருப்பைக் கழட்டிட்டு அந்தச் சுவர் வரைக்கும் நடந்து போயிட்டு வாங்க."

"எதுக்கு?"

"அறிக்கைக்கு."

"வெறுங்காலோடயா? பூட்ஸுக்கும் வெறுங்காலுக்கும் என்னடா சம்பந்தம்?"

"நடங்கண்ணா."

என் குரலில் எதுவோ இருந்திருக்க வேண்டும். மேற்கொண்டு கேலி செய்யவில்லை. குனிந்து செருப்பைக் கழற்றுகிறார். இடது முதலில். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுகிறார். இங்கிருந்து சுவருக்குப் பத்து, பதினோரு எட்டு இருக்கும். தரை சமமானது. விரிப்பு இல்லை; தடுக்க எதுவும் இல்லை.

"போகட்டுமா?" என்கிறார், ஓட்டத்துக்கு நிற்பவர் மாதிரி.

நான் தலையாட்டுகிறேன்.

ஒருவரைப் பார்த்துக்கொண்டே எழுத எனக்குத் தெரியாது. பேனாவை மூடுகிறேன்.